‘போர்டு போச்சு’ என்று சொல்வதற்கு முன்…

வைகாசி முகூர்த்த நேரம். திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் ஒரு சின்ன டி.டி.பி. கடை. மணமக்கள் பெயர், இருவீட்டார் அழைப்பு, தாய்மாமன்கள் வரிசை என்று அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து அடித்த பக்கம் ஒரு நொடியில் காணாமல் போகிறது. திரை கறுத்து, ஃபேன் சத்தம் அடங்கி, மறுபடி எழுகிறது. ஒன்றும் நடக்காததுபோல விண்டோஸ் வந்து நிற்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கடைக்கார அண்ணன் எனக்கு நெடுநாள் பழக்கம். அந்த ஒரு மாதத்தில் அவர் மூன்று கடை ஏறி இறங்கினார். முதல் கடையில், “வைரஸ்ணே, ஃபார்மட் போட்ருவோம்” என்றார்கள். போட்டார்கள், வருடக்கணக்கில் சேர்த்த டிசைன்களில் பாதி போனது, நோய் போகவில்லை. இரண்டாவது கடையில் ராம் மாற்றினார்கள். மூன்று நாள் நன்றாக ஓடியது, நான்காம் நாள் பழைய கதை. மூன்றாவது கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்: “போர்டு போச்சுண்ணே. இந்த மாடலுக்கு இனிமே கிடைக்காது. புதுசு எடுத்துருங்க.”

நான் போனபோது அண்ணி ஒரு வேஸ்ட் பத்திரிகை அட்டையை எடுத்து நீட்டினார். பின்பக்கம் முழுக்க பேனாவால் மணிக்கணக்கு. “எப்பெப்ப அணையுதுன்னு சும்மா குறிச்சு வச்சேன் தம்பி. இத யாருமே கேக்கல.” திங்கள் 11.10, 11.25, 3.40. செவ்வாய் 10.50. இப்படியே இரண்டு வாரம். இரண்டு ஞாயிறுகள் மட்டும் வெறுமையாக இருந்தன. முகூர்த்த மாதம் என்பதால் ஞாயிறும் கடை திறந்துதான் இருந்தது. ஞாயிறு மூடியிருந்தது பக்கத்திலிருந்த கேட் கிரில் வெல்டிங் பட்டறை.

எலெக்ட்ரீசியன் வந்து அந்தக் கட்டடத்தின் பொது மீட்டர் போர்டைத் திறந்தார். நியூட்ரல் இணைப்பு தளர்ந்து, கருகி, ஒயரின் முனை கரியாகிக் கிடந்தது. பட்டறையில் வெல்டிங் ராடு தகட்டில் பட்ட கணமெல்லாம் அந்தத் தளர்ந்த இணைப்பில் வோல்டேஜ் சரிந்திருக்கிறது. டியூப் லைட் லேசாகக் கண் சிமிட்டியதை யாரும் பொருட்படுத்தவில்லை. கம்ப்யூட்டரால் அதைத் தாங்க முடியவில்லை. கருகிய முனையை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்கி இறுக்கினார். ‘போச்சு’ என்று சொல்லப்பட்ட அதே போர்டு அதற்குப் பிறகும் பல முகூர்த்தங்களைப் பார்த்துவிட்டது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்த அட்டையைப் பற்றித்தான். தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர் காரணமில்லாமல் அதைச் செய்வதில்லை. ‘எப்போது ஆகிறது’ என்பதில்தான் ‘ஏன் ஆகிறது’ இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் திறக்கப்படும் ஒவ்வொரு கேபினெட்டும் வாடிக்கையாளரின் பணத்தில் நடக்கும் சோதனை.

அணையாமல் ஏன் திரும்ப எழுகிறது?

பலருக்கும் உள்ள சந்தேகம் இது. கரண்ட் பிரச்சினை என்றால் அணைந்து கிடக்க வேண்டியதுதானே, ஏன் உடனே எழுகிறது?

கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் என்று பிரித்து மதர்போர்டுக்குத் தருகிறது. இவை எல்லாம் சரியான அளவில் நிற்கின்றன என்று சொல்வதற்கு அதிலிருந்து தனியாக ஒரு ஒயர் போகிறது. பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் இருக்கும். ‘பவர் குட்’ என்று பெயர். அதில் 5 வோல்ட் இருக்கும்வரை மதர்போர்டு வேலை செய்யும். உள்ளே வோல்டேஜ் ஆட்டம் கண்டால் எஸ்.எம்.பி.எஸ். அந்த 5 வோல்ட்டை இறக்கிவிடும். பிராசசர் அந்த நொடியே நின்றுவிடும். வோல்டேஜ் நிலைக்கு வந்ததும், அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் ‘பவர் குட்’ திரும்பி வரும். பிராசசர் முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்கும். நாம் பார்ப்பது அதைத்தான். தவறான மின்சாரத்தில் தவறான கணக்குப் போட்டு ஃபைலைக் கெடுப்பதைவிட நின்று மறுபடி தொடங்குவது மேல் என்று வடிவமைத்தவர்கள் வைத்த காவல் அது. காவல்காரர் விசில் அடித்தால் திருடன் எந்தப் பக்கம் வந்தான் என்று தேட வேண்டும். நாம் காவல்காரரையே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

திண்டுக்கல் சமவெளியில் அந்தத் திருடன் பெரும்பாலும் சுவர்ப் பக்கமிருந்துதான் வருகிறான் என்பது என் அனுபவம். பூட்டுப் பட்டறைகளின் கிரைண்டிங், பாலிஷிங் மோட்டார்கள், வேடசந்தூர் சாலை நெடுகிலும் நூற்பாலைகள், ஊருக்கு வெளியே போனால் கிணற்று மோட்டார்கள். ஒரு மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் அது ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் அந்த நொடியில் வோல்டேஜ் விழும். 230 வோல்ட் சப்ளை 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது நெடுங்காலமாக இந்திய மின்சார விதி. கணக்குப் போட்டால் 216-லிருந்து 244 வரை. நல்ல எஸ்.எம்.பி.எஸ். 180 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும், எடையே இல்லாத எஸ்.எம்.பி.எஸ். அப்படித் தாங்காது. மேலே 450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், கையில் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பதன் தரம் ஓரளவு தெரிந்துவிடும்.

ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று இங்கே மரக்கிளைகளை லைனில் உரசவைக்கும். கரண்ட் போகாது, ஒரு கணம் நடுங்கும். ஆடி, ஆவணியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும் சிஸ்டம் உங்கள் வீட்டில் இருந்தால், பழுது கேபினெட்டுக்கு வெளியே இருக்கிறது என்று அநேகமாக நம்பலாம்.

எர்த் சமாசாரத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் எர்த் என்பது பலருக்கு மூன்று பின் சாக்கெட்டில் உள்ள மூன்றாவது ஓட்டை, அவ்வளவுதான். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த்தில் ஈரம் இருந்தால்தான் வேலை நடக்கும். இந்த வறண்ட செம்மண்ணில் பங்குனி, சித்திரையில் குழி காய்ந்து கல்லாகிவிடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது அந்தக் காலத்து எலெக்ட்ரீசியன்கள் சொல்லிவைத்த பழக்கம். கேபினெட்டைத் தொட்டால் ‘சுரீர்’ என்று இழுக்கிறதா? நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று காட்டினால் முதலில் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அப்போது ஆபத்தில் இருப்பது கம்ப்யூட்டர் மட்டுமல்ல, நீங்களும்தான்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே!

2012-ஐ இந்த மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த காலம். நடுத்தரக் குடும்பங்கள் நகையை அடகு வைத்துக்கூட இன்வெர்ட்டர் வாங்கின. அது இன்றும் வீட்டில் இருக்கிறது. கரண்ட் போனால் ஃபேன் நிற்பதில்லை, லைட் அணைவதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. “இன்வெர்ட்டர்லதான சார் ஓடுது, அப்புறம் எப்படி?” என்று கேட்பவர்கள் ஏராளம்.

விடை மில்லி செகண்டில் இருக்கிறது. சுவரிலிருந்து கரண்ட் நின்ற பிறகும் எஸ்.எம்.பி.எஸ். தன் கப்பாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு ஏறக்குறைய 16 மில்லி செகண்ட் தாங்க வேண்டும் என்பது அதற்குரிய அளவுகோல். நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட். நல்ல யு.பி.எஸ். பத்து மில்லி செகண்டுக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேனுக்கு அந்த இடைவெளி தெரியாது, சுற்றின வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டருக்கு அது ஒரு மரணம்.

பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். யு.பி.எஸ். என்று ஒரு பக்கம், நார்மல் அல்லது ஈகோ என்று மறுபக்கம். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். யு.பி.எஸ். பக்கம் தள்ளிப் பாருங்கள். பைசா செலவில்லாமல் தீர்ந்த வழக்குகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியும் தீராவிட்டால் கம்ப்யூட்டருக்கு என்று தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ். வேண்டும். யு.பி.எஸ். இருந்தும் ரீஸ்டார்ட் ஆகிறதா? அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போகும். கரண்ட் இருக்கும்போதே யு.பி.எஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சிஸ்டம் அணைந்தால் அது வெறும் டப்பா. அடித்துக்கொண்டிருந்த வேலையை சேவ் செய்துவிட்டுப் பிடுங்குங்கள்.

பஞ்சு, தூசி, சூடு

ஆலை அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்தபோது உள்ளே ஒரு தலையணைக்குப் பஞ்சு இருந்தது. பிராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கின் அலுமினியப் பற்களுக்கு நடுவே பஞ்சு இறுகி, கம்பளிபோல மூடியிருந்தது. மேலே ஃபேன் ஓடுகிறது, கீழே காற்று போகவில்லை. ஒட்டன்சத்திரம் மண்டிகளில் சாக்குத் தூசியும் வெங்காயச் சருகும். பிரியாணிக் கடைகளில் அடுப்படிக்கு அருகே வைத்த பில்லிங் மெஷினில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி சேர்ந்து பசையாகவே ஆகியிருக்கும். அது ஊதினாலும் போகாது.

சூட்டை அடையாளம் காண ஒரு வழி உண்டு. காலையில் போட்டதும் நன்றாக ஓடும். பெரிய வேலை கொடுத்தாலோ மதியம் தாண்டினாலோ விழும். விழுந்த உடனே எழுந்தால், இரண்டாம் முறை இன்னும் சீக்கிரம் விழும். அரை மணி ஆறவிட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். பிராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், முடியாதபோது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே அது நடப்பது அதிசயமில்லை. கேபினெட்டை வெளியே கொண்டுபோய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிது வைக்க வேண்டும். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்று நினைத்து அப்பிவைப்பவர்கள் உண்டு. வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். சூட்டுக்காக உள்ளே புகுந்த பல்லி கருகிக் கிடப்பதை மெக்கானிக்குகள் அடிக்கடி பார்ப்பார்கள். பின்பக்கம் மூடாமல் விட்ட ஸ்லாட் ஓட்டைகளே அதற்கு வாசல்.

உப்பிய கப்பாசிட்டர்

மதர்போர்டைப் பார்த்தால் பிராசசரைச் சுற்றிச் சின்னச் சின்ன டின்கள் நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். கோலி உருண்டைபோல உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அது போய்விட்டது. 2000-களின் முதல் பாதியில் உலகம் முழுக்க இந்த நோய் பரவியது; தரம் கெட்ட கப்பாசிட்டர்கள் பல நிறுவனங்களின் போர்டுகளில் ஏறிவிட்டன. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்து, பழுதுநீக்கச் செலவுக்கென்று அது 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறை தன் மெஷின்கள் செயலிழப்பதாகப் புகார் செய்தபோது, கடினமான கணக்குகளைப் போடவைத்து மெஷினைக் களைக்கவைத்துவிட்டீர்கள் என்று பதில் வந்ததாக 2010-இல் நியூயார்க் டைம்ஸ் நீதிமன்ற ஆவணங்களிலிருந்து எடுத்து எழுதியது. காரணத்தைத் தேடாமல் வாடிக்கையாளர் மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல.

உப்பிய கப்பாசிட்டரை மாற்ற சால்டரிங் தெரிந்த ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். டி.வி., ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்த பழைய கைகள் திண்டுக்கல்லில் இன்னும் இருக்கின்றன. போர்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு முறை காட்டுங்கள்.

ராம் விஷயம் சுருக்கமானது. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டுப் போடுவது நம் மெக்கானிக்குகளின் பழைய கைவைத்தியம். பல நேரம் பலிக்கும். சந்தேகம் தீராவிட்டால் மெம்டெஸ்ட் 86 என்ற இலவசச் சோதனையை இரவு முழுக்க ஓடவிடுங்கள். அதைவிடச் சுலபமான ஒன்று: கேபினெட் முகப்பிலுள்ள ரீசெட் பட்டன் தூசியில் மாட்டிக்கொண்டு தானே அழுத்திக்கொள்வதுண்டு. மதர்போர்டில் அதன் இரண்டு ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

மென்பொருளும் குற்றவாளிதான், சில நேரம்

ஃபார்மட் போடச் சொல்பவர்கள் எல்லாருமே தவறு என்று நான் சொல்லவில்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியபோது, பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ‘60 விநாடியில் சிஸ்டம் அணைக்கப்படும்’ என்று ஒரு பெட்டி வந்து எண்ணிக்கை இறங்கும். மைக்ரோசாஃப்ட் அதற்கான மருந்தை ஜூலை மாதமே வெளியிட்டிருந்தது, போட்டவர்கள் குறைவு. அந்த நாட்களில் ஃபார்மட் போட்டும் பயனில்லாமல் போனது. புதிதாக விண்டோஸ் ஏற்றி நெட் ஒயரைச் செருகிய கொஞ்ச நேரத்திலேயே புழு திரும்ப ஏறிக்கொண்டது. மருந்தை முதலில் போட்டு, ஒயரைப் பிறகு செருகியவர்கள் தப்பினார்கள். வரிசை தெரிந்தவனுக்குத்தான் வைத்தியம் பலித்தது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட், ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் விழுந்து எழுந்து விழவைத்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றும் ஃபார்மட் தேவைப்படவில்லை. சேஃப் மோடில் போய், கெட்ட ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதுமாக இருந்தது.

மென்பொருள் பழுதா, கரண்ட் பழுதா என்று பிரிக்க விண்டோஸே உதவும். பழுது வந்தால் நீலத்திரையைக் காட்டிவிட்டு உடனே ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. சிஸ்டம் பிராபர்டீஸில், ஸ்டார்ட்-அப் அண்ட் ரிகவரி என்ற இடத்தில், ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை வந்தால் நிற்கும். அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் நீலத்திரை வராமல் சட்டென்று கறுத்து எழுந்தால், குற்றவாளி அநேகமாகக் கரண்டோ சூடோ போர்டோதான். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு ‘41 என்ற எரர்’ என்று அலைகிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் மெஷின் எழுந்தது என்பதைத் தவிர அந்த எண் எதையும் சொல்லவில்லை. அதன் விவரத்தில் ‘பக்செக் கோட்’ பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியவில்லை. அப்போது மறுபடி சுவரிலிருந்து தேடத் தொடங்க வேண்டும். 1074 என்ற பதிவு இருந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி ரீஸ்டார்ட் சொல்லியிருக்கிறது, பெரும்பாலும் அப்டேட்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததைச் சொல்லி, “அதனாலதான் ரீஸ்டார்ட் ஆகுது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராது என்பது உண்மை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எனக்கு இதில் கோபம் வருவது ஒரு காரணத்துக்காகத்தான். மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்கு ஏற்ற வேண்டிய சின்னக் கடைக்காரருக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் கணக்குப்பிள்ளை. பேக்கப் எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் போட்டால் அவருடைய ஒரு வருட வியாபாரம் அழிகிறது. கல்லூரியில் படிக்கும் பெண்ணின் புராஜெக்ட் அழிகிறது. முப்பது ரூபாய்க்கு ஒரு மூன்று பின் பிளக் மாற்றினால் தீர்ந்திருக்கும் பழுதுக்கு முப்பதாயிரம் கடன் வாங்குகிறார்கள். நன்றாகப் பார்க்கும் மெக்கானிக்குகள் இந்த ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கும் நாம் ஒரு குறை வைக்கிறோம்: “தானா ரீஸ்டார்ட் ஆகுதுப்பா, பாரு” என்று கேபினெட்டை மட்டும் இறக்கிவிட்டு வந்துவிடுகிறோம். நம் வீட்டு வோல்டேஜும் நம் வீட்டுச் சூடும் அவர்கள் கடைக்கு வருவதில்லை. அங்கே போட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது. பிறகு அவர்கள் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆனால், மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பத்திரிகை அட்டையை வையுங்கள். தேதி, மணி, அப்போது என்ன வேலை ஓடியது, லைட் கண் சிமிட்டியதா, பக்கத்தில் எந்த மோட்டார் கிளம்பியது என்று ஒரு வாரம் எழுதுங்கள். முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். கடைக்குப் போகும்போது கேபினெட்டோடு அந்த அட்டையையும் கொண்டுபோங்கள். மெக்கானிக் அதைப் படிக்காமலே ‘ஃபார்மட்’ என்றால், “முதல்ல வேற எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு கொடுங்க, என் வீட்ல ஒரு நாள் போட்டு ஓட்டிப் பாக்குறேன்” என்று கேளுங்கள்.